வியாழக்கிழமை சேர்த்த விதி

1

எங்கள் விமானக் குழுவுக்கு இந்த மாதத்தோடு ஐந்து வயது முடிகிறது. விமானக் குழு என்றதும் பெரிதாக எதையும் நினைத்துவிட வேண்டாம். கணினியில் விமானம் ஓட்டும் விளையாட்டு ஒன்று இருக்கிறது. சிமுலேட்டர் என்பார்கள். நிஜ விமானத்தில் உள்ள அத்தனை கருவிகளும் திரையில் இருக்கும். அதை இணையத்தின் வழியாக இணைத்து, ஒரே நேரத்தில், ஒரே வானத்தில் பறக்கிற இருபது பேர் நாங்கள். ஸ்காட்லாந்தில் ஓய்வுபெற்ற தபால்காரர் டங்கன், பிரேசிலில் ஒரு பல் மருத்துவர், நார்வேயில் ஒரு மீன் வியாபாரி, கனடாவில் நான். பறந்துகொண்டே அரட்டை அடிப்போம். அவ்வப்போது போட்டி வைப்போம்.

“ஆரம்பித்தவன் நீதானே, குழுவின் வரலாற்றை ஒரு பக்கம் எழுதிக் கொடு” என்று டங்கன் கேட்டார். எழுதிக் கொடுத்தேன். அதில் இரண்டாயிரத்து நான்கில் நாங்கள் நடத்திய மதுரைப் போட்டிக்கு ஒரே ஒரு வரி: ‘வெற்றி பெற்றவர் பாண்டியராஜன்.’ பாண்டியராஜன் நான்தான், அது பொய் இல்லை. ஆனாலும் அனுப்பிவிட்டு எழுந்தவனுக்குக் காப்பி இறங்கவில்லை. அவர்களிடம் ஆங்கிலத்தில் சொல்ல வராததை, ஊர்க்காரர்களான உங்களிடம் சொல்லிவிடலாம் என்று தோன்றியது.

2

நான் பேரையூர்ப் பக்கம். மதுரையில் சிவில் இன்ஜினியரிங் படித்து, திருப்பரங்குன்றத்தில் குடியிருந்து, பத்து வருடம் கட்டட வேலை பார்த்தேன். தொண்ணூற்றொன்பதில் மனைவியோடும் நான்கு வயது மகள் யாழினியோடும் கனடாவுக்கு வந்தேன். வந்து இறங்கிய அன்றே என் பெயர் போய்விட்டது. பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் என்ற இடத்தில் அப்பாவின் பெயர் இருந்ததால் எல்லா அலுவலகங்களிலும் நான் மிஸ்டர் சின்னக்காளை ஆனேன். ஊரில் அடுத்தவர் நிலத்தில் வேலை பார்த்த காலத்தில் என் அப்பாவை அவரைவிடச் சின்னவர்கள்கூட ‘ஏலே சின்னக்காளை’ என்றுதான் கூப்பிட்டார்கள். அந்தப் பெயருக்கு முன்னால் மிஸ்டர் போட்ட முதல் ஆட்கள் கனடாக்காரர்கள். அதற்காகவே நான் அதை மாற்றவில்லை.

ஆனால் அந்தப் பெயர் என் வேலையில் கை வைத்தது. இங்கே இன்ஜினியராக வேலை பார்க்க உரிமம் வேண்டும். என் பட்டச் சான்றிதழில் சி. பாண்டியராஜன் என்று இருந்தது. விண்ணப்பத்தில் பாண்டியராஜன் சின்னக்காளை. இரண்டு பேரும் ஒரே ஆள்தான் என்று நிரூபிக்கச் சொன்னார்கள். சான்று பல்கலைக்கழகத்திலிருந்து முத்திரை இட்ட உறையில் நேரடியாக வரவேண்டும், நான் தொட்ட காகிதம் செல்லாது. எனக்காக மதுரையில் நோட்டரியிடமும் பல்கலைக்கழகத்துக்கும் மூன்று முறை அலைந்தவன் குபேந்திரன். என்னோடு ஒரே பெஞ்சில் படித்தவன். சௌராஷ்டிரக் குடும்பம். அப்பா காலத்தில் தறி இருந்தது, இப்போது விளக்குத்தூண் பக்கம் ஜவுளிக்கடை. இன்ஜினியரிங் முடித்துவிட்டு அவன் அந்தக் கடையிலேயே உட்கார்ந்துவிட்டான். அதில் அவனுக்கு ஒரு குறையும் இருந்ததாகத் தெரியவில்லை.

அவ்வளவு அலைந்தும் என் உரிமம் வரவில்லை. இன்னும் ஒரு காகிதம், இன்னும் ஒரு தேர்வு என்று இழுத்துக்கொண்டே போனது. நான் கதவு செய்கிற தொழிற்சாலை ஒன்றில் சரக்கை எண்ணிச் சரிபார்க்கிற வேலைக்குப் போனேன். கிடங்கில் என்னிடம் யாரும் யோசனை கேட்க மாட்டார்கள். ‘எத்தனை?’ என்று மட்டும் கேட்பார்கள்.

அந்த நாட்களில்தான் சிமுலேட்டர் கைக்கு வந்தது. குழுவை ஆரம்பித்தேன். விதிகள் எழுதினேன், அட்டவணை போட்டேன், சண்டை வந்தால் தீர்த்து வைத்தேன். எனக்கு நானே வைத்துக்கொண்ட பெயர் ‘மதுரை’. சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு ஹெட்செட்டை மாட்டினால் நாலு கண்டத்திலிருந்தும் “குட் மார்னிங், கேப்டன் மதுரை” என்று குரல் வரும். வாரத்தில் அந்த மூன்று மணி நேரம்தான் நான் யாராவதாக இருந்தேன். இதைப் புரிந்துகொண்டால்தான் பின்னால் நான் செய்தது உங்களுக்குப் புரியும். மன்னிக்க வேண்டும் என்று கேட்கவில்லை.

3

இரண்டாயிரத்து இரண்டில் ஊருக்கு வந்தபோது குபேந்திரனை நானேதான் இதற்குள் இழுத்தேன். என்னை நாலு நாட்டுக்காரர்கள் கேப்டன் என்று கூப்பிடுவதை ஊரில் ஒருவனாவது பார்க்க வேண்டும் என்ற ஆசை. வண்டியூர்த் தெப்பக்குளம் பக்கம் அவன் வீட்டுக்கு அருகில் ஷாகுல் பாய் என்பவர் பிரவுசிங் சென்டர் வைத்திருந்தார். அங்கே ஒரு கணினியில் விளையாட்டை ஏற்றி, என் பழைய ஜாய்ஸ்டிக்கையும் கொடுத்துவிட்டு வந்தேன்.

“நான் கடையில சேலையை மடிக்கிறவன் மாப்ள. என்னையப் போயி ஏரோப்பிளேன் ஓட்டச் சொல்ற” என்று சிரித்தான்.

இரண்டே மாதத்தில் என்னைவிட நன்றாக ஓட்டினான். அது எப்படி என்று இன்றைக்கும் எனக்குத் தெரியவில்லை. அவன் கை அவ்வளவு மெதுவானது. நாங்கள் எல்லோரும் தரையை நெருங்கும்போது பதறுவோம். அவன் துணி விரிப்பதுபோல விமானத்தைத் தரையில் வைப்பான்.

முதலில் பெருமையாகத்தான் இருந்தது. அப்புறம் எரிச்சல் ஆரம்பித்தது. குழு ஆரம்பித்த புதிதில், ஊருக்கு வெளியே போகிறேன் என்பதை நான் “அடுத்த வாரம் அவுட் ஆஃப் ஸ்டேஷன்” என்று எழுதினேன். “எந்த ஸ்டேஷனுக்கு வெளியே?” என்று டங்கன் கேட்டார். அரட்டையில் அத்தனை பேரும் சிரித்தார்கள். அன்றிலிருந்து ஒவ்வொரு வாக்கியத்தையும் தேய்த்துக் கழுவித்தான் வெளியே விட்டேன். மதுரை ஆங்கிலம் என் நாக்கிலிருந்து போக ஒரு வருடம் ஆனது. குபேந்திரன் வந்தான். வந்த முதல் வாரமே, “டூ ஒன் திங், டங்கன். யூ கோ லெஃப்ட், ஐ வில் அட்ஜஸ்ட்” என்றான். எல்லோருக்கும் அது பிடித்துப்போயிற்று. நார்வேக்காரர்கூட எதற்கெடுத்தாலும் “டூ ஒன் திங்” என்று ஆரம்பித்தார். நான் ஒளித்து வைத்ததை அவன் பரப்பி வைத்தான். அதற்குக் கைதட்டல் கிடைத்தது.

அடுத்தது யாழினி. அப்போது அவளுக்கு எட்டு வயது. ஞாயிற்றுக்கிழமைத் தமிழ் வகுப்புக்குப் போவதற்கு வயிற்றுவலி என்பாள். நான் தமிழில் கேட்டால் ஆங்கிலத்தில் பதில் சொல்வாள். ஒரு சனிக்கிழமை என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவளிடம் ஸ்பீக்கரில் குபேந்திரன் பேசினான்.

“என்ன தாயி, சாப்ட்டியா? ஒங்கப்பன் எம்புட்டு ஒசரத்துல பறக்குறான்னு பாத்துச் சொல்லு.”

“எட்டாயிரம் அடி, மாமா” என்றாள். தமிழில். எழுத்துப் பிசகாமல்.

அதன் பிறகு சனிக்கிழமைகளில் அவனுக்காகவே வந்து உட்கார்ந்தாள். அவன் வீட்டில் பிள்ளைகள் சௌராஷ்டிர மொழியும் பேசும், தமிழும் பேசும். குஜராத்திலிருந்து அவர்கள் முன்னோர்கள் வந்து எத்தனையோ தலைமுறை ஆகியும் வீட்டு மொழி வீட்டிலேயே இருக்கிறது. என் வீட்டில் நான்கே வருடத்தில் போய்விட்டது. அதையும் அவனே திருப்பிக் கொண்டுவந்து கொடுத்தான். எனக்கு நன்றி வரவில்லை.

4

அந்த விளையாட்டில் மதுரை விமான நிலையம் உண்டு. ஆனால் பச்சை வெளியில் ஒரு கறுப்புக் கோடு, அவ்வளவுதான். மலை இல்லை, ஊர் இல்லை. நான் ஆறு மாதம் உட்கார்ந்து மதுரையைக் கட்டினேன். திருப்பரங்குன்றம் மலை, கோபுரங்கள், தெப்பக்குளம், நடுவில் மைய மண்டபம், குளம் நிறையத் தண்ணீர். எல்லாம் நினைவிலிருந்து. முடித்ததும் முதலில் குபேந்திரனுக்குத்தான் அனுப்பினேன்.

“நல்லாருக்கு மாப்ள” என்றான். கொஞ்ச நேரம் பறந்து பார்த்துவிட்டு, “ஆனா மலை ரொம்பக் கிட்ட வந்துருச்சுடா. ரன்வேயிலேருந்து பாத்தா இம்புட்டுப் பெருசாத் தெரியாது” என்றான்.

“நான் அங்க பத்து வருசம் இருந்தவன்டா.”

“மலைக்குக் கீழ இருந்த. அதான் பெருசாத் தெரியிது. நீ போனதுக்கப்புறம் புதுசா ரோடெல்லாம் வந்துருச்சு. அப்புறம் தெப்பக்குளத்துல ஏது தண்ணி? காஞ்சு கெடக்கு. பயலுக உள்ள எறங்கி கிரிக்கெட் வெளையாடுறாய்ங்க.”

“தண்ணி இருந்தாத்தான்டா அழகு.”

“அழகுதான். ஆனா இல்லையே.”

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவன் வண்டியை எடுத்துக்கொண்டு ஊரைச் சுற்றிப் படம் எடுத்தான். பிலிமைக் கழுவி, ஸ்கேன் செய்து, எந்த இடத்திலிருந்து எடுத்தது என்று ஒவ்வொன்றுக்கும் குறிப்பு எழுதி அனுப்பினான். எனக்கு மட்டும் இல்லை, குழுவுக்கே அனுப்பினான். தண்ணீரா, கிரிக்கெட்டா என்று டங்கன் ஓட்டெடுப்பு வைத்தார். கிரிக்கெட் ஜெயித்தது. நானே உட்கார்ந்து குளத்திலிருந்து தண்ணீரை எடுத்துவிட்டு, மட்டையும் பந்துமாகப் பதினோரு பயல்களை வரைந்தேன். வெளியிட்ட அன்று எல்லோரும் பாராட்டினார்கள். பாராட்டில் முதல் பெயர் குபேந்திரன். ‘உண்மையான மதுரைக்காரர்’ என்று பல் மருத்துவர் எழுதியிருந்தார். அந்த ‘உண்மையான’ என்ற சொல்லை நான் எத்தனை தரம் படித்தேன் என்று சொன்னால் சிரிப்பீர்கள்.

5

அந்த மதுரையில்தான் போட்டி. மேற்கிலிருந்து வந்து, மலையைக் கடந்து, ஓடுபாதையில் இறங்க வேண்டும். சக்கரம் எவ்வளவு மெதுவாகத் தரையைத் தொடுகிறது, நடுக்கோட்டிலிருந்து எவ்வளவு விலகுகிறது என்று பார்த்து மதிப்பெண். மூன்று சுற்று, மூன்று சனிக்கிழமை. போட்டியை நடத்துகிறவனும் நான், கலந்துகொள்கிறவனும் நான். சின்னக் குழு என்பதால் யாரும் அதைத் தவறாக நினைக்கவில்லை. இரண்டு சுற்று முடிந்தபோது குபேந்திரன் முதலிடம். நான் இரண்டாவது.

கடைசிச் சுற்றுக்கு முந்தைய வியாழக்கிழமை, வேலையிலிருந்து வந்ததும் விதிப் பக்கத்தைத் திறந்து ஒரு வரி சேர்த்தேன். ‘இறங்குவதற்கு முந்தைய கடைசிப் பத்து மைலில் இணைப்பு அறுந்தால் அந்தச் சுற்று செல்லாது. மறு வாய்ப்பு இல்லை.’ படித்தால் நியாயமான விதி. மற்ற எல்லோரிடமும் அறுபடாத கேபிள் இணைப்பு இருந்தது. டெலிபோன் லைன் வழியாக வருகிறவன் குழுவிலேயே ஒருவன்தான். வாரத்துக்கு ஒரு முறையாவது அவன் லைன் அறுந்துவிடும். அதை என்னைவிட நன்றாகத் தெரிந்தவர் யாரும் இல்லை.

சனிக்கிழமை. இங்கே காலை ஒன்பது, மதுரையில் மாலை ஆறரை. நான் முதலில் இறங்கினேன், சுமாராக. கடைசியாக குபேந்திரன் வந்தான். அவனுக்குப் பின்னால் வழக்கத்தைவிட அதிகமாகச் சத்தம் கேட்டது. என்ன கூட்டம் என்று கேட்டேன். “ஒண்ணும் இல்ல மாப்ள, நம்ம ஆளுகதான்” என்றான். அவனுடைய விமானம் மலையைத் தாண்டியது. அப்படியே தொங்கவிட்ட மாதிரி இறங்கி வந்தது. யாழினி என் நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஓடுபாதைக்கு ரெண்டு மைல் இருக்கும்போது விமானம் எங்கள் திரையிலிருந்து மறைந்துபோனது.

“லைன் போச்சு” என்றார் டங்கன்.

எனக்கு உள்ளுக்குள் என்ன நடந்தது என்று மறைக்காமல் சொல்கிறேன். சந்தோஷமாக இருந்தது.

பத்து நிமிடம் கழித்துத் திரும்ப வந்தான். மூச்சு வாங்கப் பேசினான். “எறங்கிட்டேன் மாப்ள. பாத்தீகளா?” அவனுடைய திரையில் விமானம் நிற்காமல் பறந்து இறங்கியிருக்கிறது. எங்களுக்குத்தான் தெரியவில்லை. இறங்கியதற்கான பதிவுக் கோப்பையும் உடனே அனுப்பினான். திறந்து பார்த்தேன். அன்று நாங்கள் இறக்கிய அத்தனை விமானங்களிலும் அவனுடையதுதான் பஞ்சு மாதிரி இறங்கியிருந்தது. மூடிவிட்டேன். அதில் என்ன இருந்தது என்று யாரிடமும் சொல்லவில்லை.

“புது விதிப்படி இந்தச் சுற்று செல்லாது” என்று அறிவித்தேன்.

டங்கன், “இன்னொரு முறை இறக்கட்டுமே, யாருக்கு என்ன நஷ்டம்?” என்றார். பல் மருத்துவரும் அதையே சொன்னார். விதி எல்லோருக்கும் ஒன்றுதான் என்றேன். என் குரல் ரொம்ப நிதானமாக இருந்தது.

குபேந்திரன் தமிழில் சொன்னான்: “ரூல்னா ரூல்தான் மாப்ள. நீ சங்கடப்படாத. கங்கிராட்ஸ்டா.”

ஹெட்செட்டைக் கழற்றியதும் யாழினி ஆங்கிலத்தில் கேட்டாள், போன வாரம் அந்த விதி இல்லையே என்று. இருந்தது, நீ பார்க்கவில்லை என்றேன். அவள் என்னையே கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு மாடிக்குப் போய்விட்டாள். என் மகளிடம் நான் கண்ணைப் பார்த்துச் சொன்ன முதல் பொய் அதுதான் என்று நினைக்கிறேன்.

6

அடுத்த வருடம் ஊருக்குப் போனேன். குபேந்திரன் பழையபடியே வந்து கட்டிக்கொண்டான். ஷாகுல் பாய் கடைக்கு அழைத்துப் போனான். அவன் டீ சொல்ல வெளியே போன நேரத்தில் பாய் என்னிடம் பேச ஆரம்பித்தார்.

“அன்னிக்கு நீங்க பாத்திருக்கணும் தம்பி. அம்புட்டுக் கூட்டம். அவரு வீட்டம்மா, பிள்ளைக, ஜவுளிக்கடை ஆளுக, தெருக்காரவுக, ஒரு இருபத்தஞ்சு பேரு. நிக்க எடமில்ல. பிளேன் எறங்குனதும் கடையே கைதட்டுச்சு. அவரு மகன் அப்பாவத் தூக்கப் பாத்தான், முடியல.”

“அப்புறம்?”

“அப்புறந்தான் லைன் கட்டாயிருச்சு, செல்லாதுன்னு தெரிஞ்சிச்சு. எல்லாரும் மொகத்தத் தொங்கப் போட்டுட்டாக. இவருதான், ‘அட விடுங்கப்பா, ஜெயிச்சது யாரு? என் மாப்ளதான். அவனும் மதுரைதான’ன்னு எல்லாருக்கும் கலர் சோடா வாங்கிக் குடுத்தாரு.”

டீ வந்தது. குடித்தேன். வெளியே வந்து, அவன் வண்டியைக் கிளப்பப் போகும்போது சாவியைப் பிடித்து நிறுத்தினேன். அந்த வரியை வியாழக்கிழமை சேர்த்ததைச் சொன்னேன். எதற்காகச் சேர்த்தேன் என்றும் சொன்னேன். பதிவுக் கோப்பைப் பார்த்துவிட்டு மூடியதையும் சொன்னேன்.

“தெரியும்” என்றான்.

“எப்படி?”

“ரூலுக்குப் பக்கத்துலயே தேதி போட்டிருக்கே. எல்லாப் பயலும் கேபிள் வச்சிருக்கான், போன் லைன்ல வர்றவன் நான் ஒருத்தன். இது புரியாதா? நீயா சொல்லுவன்னு பாத்தேன். ஒரு வருசமாச்சு.”

“பொறாமைடா” என்றேன்.

“எங்கிட்டயா? நீ கனடாவுல இருக்க. நான் சேலை மடிக்கிறேன். எங்கிட்ட என்னடா இருக்கு?”

“எல்லாரும் ஒன்னையத்தான் தேடுறாங்க. யாழினி ஒங்கிட்டதான் தமிழ் பேசுறா. ஊரு ஒங்கிட்ட இருக்கு.”

அவன் வண்டிக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே இருந்தான். அப்புறம் என்னைப் பார்க்காமலே சொன்னான்: “நீ பிளேன் ஏறிப் போனன்னிக்கு எனக்கும்தான் வயிறெரிஞ்சுச்சு. நானும் ஒன்னோட படிச்சவன்தான. அதுக்காக ஒன் சர்ட்டிபிகேட்ட நான் கிழிச்சா போட்டேன்? மூணு தடவ தூக்கிக்கிட்டு அலைஞ்சேன்ல?”

நான் சாவியிலிருந்து கையை எடுத்தேன்.

“என் மகன் பாத்துக்கிட்டு இருந்தான்டா” என்றான். “ஒண்ணு சொல்றேன், தப்பா நெனைக்காத. ஒரு மூணு மாசம் எங்கூடப் பேசாத. எனக்குக் கோவம் இருக்கு. இம்புட்டு நாளு அத வெளிய எடுக்கல. இப்ப எடுத்துட்டேன். அடங்கட்டும்.”

என்னைப் பேருந்து நிலையத்தில் இறக்கிவிட்டான். வழக்கமாக “போயிட்டு வா மாப்ள” என்பான். அன்று தலையை மட்டும் ஆட்டினான்.

7

கனடா திரும்பியதும் குழுவின் பொறுப்பிலிருந்து விலகினேன். வேலை அதிகம் என்று காரணம் சொன்னேன். அடுத்த பொறுப்பாளராக டங்கன் குபேந்திரனின் பெயரைச் சொன்னார், எல்லோரும் கை தூக்கினார்கள். இணைப்பு அறுந்தால் இன்னும் இரண்டு வாய்ப்பு உண்டு என்பது அவன் எழுதிய முதல் விதி. ஷாகுல் பாய் கடைக்கும் புது இணைப்பு வந்துவிட்டதால் அது அவனுக்குத் தேவைப்படவே இல்லை.

மூன்று மாதத்தை நாள் கணக்காக எண்ணினேன். முடிந்த மறுநாள் மதியம் கிடங்கிலிருந்தே கூப்பிட்டேன். அவன்தான் எடுத்தான்.

“என்ன, மூணு மாசம் ஆயிருச்சா?”

“நேத்தோட ஆயிருச்சுடா.”

அவனுக்குப் பின்னால் ஒரு தெலுங்குப் பாட்டோ என்னவோ ஓடிக்கொண்டிருந்தது.

“எனக்கு இன்னும் ஆகல மாப்ள” என்றான். “ஆனதும் நானே கூப்புடுறேன். வச்சிரவா?”

“சரிடா” என்றேன்.

மாப்ள என்று சொன்னானே என்பதை வைத்துக்கொண்டு ஒரு வாரம் ஓட்டினேன். அது ஆகி எட்டு மாதமாகிறது. அவன் கூப்பிடவில்லை.

சனிக்கிழமை காலைகளில் இப்போது கணினிக்கு முன்னால் யாழினி உட்கார்கிறாள். அவளுக்குப் பதினொரு வயது. குபேந்திரன் அவளைக் குழுவில் சேர்த்துக்கொண்டு, இறங்குகிற விமானங்களை வரிசைப்படுத்துகிற வேலையைக் கொடுத்திருக்கிறான். என் மனைவிக்குச் சனிக்கிழமை வேலை. நான் அடுப்படியில் நின்று தோசை சுடுவேன். ஹெட்செட் அவள் காதில் இருப்பதால் அவன் குரல் எனக்குக் கேட்காது. இவள் பேசுவது மட்டும் கேட்கும். “சரி மாமா”, “அதெல்லாம் பாத்துக்கலாம் மாமா” என்பாள். திடீரென்று விழுந்து விழுந்து சிரிப்பாள். அவன் என்ன சொல்லியிருப்பான் என்று யோசித்து யோசித்துப் பார்ப்பேன். முன்பு அவனைப் பார்த்துப் பொறாமைப்பட்டேன். இப்போது என் மகளைப் பார்த்து.

போன சனிக்கிழமை தட்டைக் கொண்டுபோய் அவள் பக்கத்தில் வைத்தேன். ஒரு காதிலிருந்து ஹெட்செட்டை விலக்கிக்கொண்டு, “அப்பா எப்படி இருக்கார்னு மாமா கேக்குறாரு” என்றாள்.

என் கையில் தோசைக்கரண்டி இருந்தது. “நீ என்ன சொன்ன?”

“நல்லா இருக்கார்னு சொன்னேன்” என்றாள். ஹெட்செட்டைச் சரியாக மாட்டிக்கொண்டு திரைப்பக்கம் திரும்பிவிட்டாள்.

அடுப்பில் அடுத்த தோசை தீயும் வாசனை வந்தது. நான் அவள் நாற்காலிக்குப் பின்னாலேயே நின்றுகொண்டிருந்தேன்.